ஹோம் கேரா, கேர் ஹோமா? இங்கிலாந்தில் கேரர் வேலை தேடுகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கேரர் வேலை தேடத் தொடங்கினால் இரண்டு வகை விளம்பரம் கண்ணில் படும். ஒன்று ஹோம் கேர், அதாவது முதியவர்களின் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வது: மணிக்கு 13.50 பவுண்ட், கார் கட்டாயம். மற்றது கேர் ஹோம், அதாவது முதியவர்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் வேலை: மணிக்கு 12.71 பவுண்ட், 12 மணி நேர ஷிப்ட். 79 பென்ஸ் கூடக் கிடைக்கிறதே என்று முதலாவதைப் பிடித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். மாதக் கடைசியில் பே ஸ்லிப் வரும்போதுதான் கணக்கு உதைக்கும்.

இந்த இரண்டு வேலைகளையும் மணிக்கூலியை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை எத்தனை மணி, அதில் எத்தனை மணிக்குச் சம்பளம் என்று பார்க்க வேண்டும். அடுத்தது, ஒன்றில் நீங்கள் தனியாள். மற்றதில் பக்கத்தில் ஆள் உண்டு. இந்த இரண்டையும் சரியாக எடைபோட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

கீழே உள்ள சம்பள விதிகள் பிரிட்டன் முழுவதற்கும் பொருந்தும். சி.க்யூ.சி. (கேர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு), டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சோதனை) பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கண்காணிக்கும் அமைப்புகள் வேறு.

காசுக் கணக்கு

ஹோம் கேரில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் 5 வீடு: 45, 30, 30, 45, 30 நிமிடம். மொத்தம் 180 நிமிடம். இடையில் நான்கு பயணம், ஒவ்வொன்றும் 12 நிமிடம் என்றால் 48. மாலையில் 4 வீடு: 30, 30, 30, 45, மொத்தம் 135 நிமிடம். இடையில் மூன்று பயணம், 36 நிமிடம். வீடுகளுக்குள் வேலை செய்த நேரம் 5 மணி 15 நிமிடம். வீட்டுக்கு வீடு ஓடிய நேரம் 1 மணி 24 நிமிடம். சேர்த்தால் 6 மணி 39 நிமிடம்.

உள்ளே நின்ற நேரத்துக்கு மட்டும் 13.50 கொடுக்கிற நிறுவனம் அந்த நாளுக்குத் தருவது 70.88 பவுண்ட். அதை 6 மணி 39 நிமிடத்துக்குப் பிரித்தால் மணிக்கு 10.66தான். 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 12.71. ஒரு கிளையண்ட் வீட்டிலிருந்து அடுத்த கிளையண்ட் வீட்டுக்குப் போகும் நேரம் சட்டப்படி வேலை நேரம். அதைக் கணக்கில் சேர்த்த பிறகும் சராசரி 12.71க்குக் குறையக் கூடாது. "எங்கள் மணிக்கூலியிலேயே பயண நேரமும் அடங்கிவிட்டது" என்று சில நிறுவனங்கள் சொல்லும். அப்படிச் சொல்வதில் தவறில்லை, ஆனால் மேலே உள்ள ரோட்டாவுக்கு (வேலை அட்டவணைக்கு) அந்தக் கூலி 16.10 பவுண்டாவது இருந்தால்தான் சட்டத்துக்குள் வரும். இந்தச் சராசரியை ஒரு நாளுக்குப் பார்ப்பதில்லை. சம்பளம் போடும் காலத்துக்கு, அதாவது வாரச் சம்பளமானால் வாரத்துக்கும் மாதச் சம்பளமானால் மாதத்துக்கும் பார்ப்பார்கள்.

சட்டம் கணக்கில் எடுக்காத நேரமும் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து முதல் கிளையண்ட் வீட்டுக்குப் போவதும், கடைசி வீட்டிலிருந்து திரும்புவதும் வேலை நேரத்தில் சேராது. 7 மணிக்குத் தொடங்கிய காலை வேலை 10.48க்கு முடிந்து மாலை 5 மணிக்கு மறுபடி தொடங்குகிறது என்றால், நடுவில் உள்ள ஆறு மணி நேரம் உங்களுடையது, சம்பளம் கிடையாது. காலையும் மாலையும் போய் வர நான்கு பயணம், ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்றால் இன்னொரு மணி நேரம் இனாமாகப் போகிறது.

பயணத்துக்கும் ஒழுங்காகச் சம்பளம் தரும் நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் அந்த நாளுக்கு 89.78 பவுண்ட். வெளியே செலவான நேரம் 7 மணி 39 நிமிடம், மணிக்கு 11.74.

இப்போது கேர் ஹோம். காலை 8 முதல் இரவு 8 வரை, ஒரு மணி நேர இடைவேளைக்குச் சம்பளம் இல்லை. 11 மணி நேரம், 12.71 வீதம் 139.81 பவுண்ட். போக அரை மணி, வர அரை மணி சேர்த்தால் 13 மணி நேரம், மணிக்கு 10.75. இங்கே ஹோம் கேர் முந்துவது போலத் தெரியும். ஆனால் கேர் ஹோமில் மூன்று நாள் போனால் 419 பவுண்ட் கையில் வரும், நான்கு நாள் முழுதாக ஓய்வு. அதே காசுக்கு ஹோம் கேரில் ஐந்து நாள் வேண்டும், அந்த ஐந்து நாளும் காலையும் மாலையும் உடைந்த நாள். கார்ச் செலவும் உங்கள் தலையில்.

கார்ச் செலவைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. வரியில்லாமல் அனுமதிக்கும் மைலேஜ் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25. இது உச்ச வரம்புதான். நிறுவனம் 45 தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல இடங்களில் 25 அல்லது 30தான் தருவார்கள். 25 தந்தால் மீதி 20 பென்ஸுக்கு வரிச்சலுகை கேட்கலாம், ஆனால் அந்த 20 பென்ஸ் அப்படியே திரும்பி வராது. 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மைலுக்கு 4 பென்ஸ் மிச்சமாகும், அவ்வளவுதான். இன்னொன்று இன்ஷூரன்ஸ். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய் வருவதற்கான சாதாரண பாலிசி இந்த வேலைக்குப் போதாது. பிசினஸ் யூஸ் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஓட்டி இடித்துவிட்டால் கம்பெனி கையை விரிக்கலாம். வேலைக்குச் சேரும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து எவ்வளவு கூடும் என்று கேட்டு, அதையும் கணக்கில் எழுதுங்கள்.

ஹோம் கேரில் இன்னொரு ஓட்டை, மணிநேரம் திடீரென்று காணாமல் போவது. கிளையண்ட் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவருக்கான நான்கு விசிட்டும் அன்றே ரோட்டாவிலிருந்து போய்விடும். காலமானாலும் அப்படித்தான். மணிநேரத்துக்கு உறுதி தராத சீரோ அவர்ஸ் ஒப்பந்தமாக இருந்தால் அந்த வாரம் 35 மணி 22 ஆகிவிடும், வாடகை மட்டும் குறையாது. வாரத்துக்கு இத்தனை மணி உறுதி என்று எழுத்தில் தரும் நிறுவனம் ஒரு பவுண்ட் குறைவாகக் கொடுத்தாலும் அதுவே நல்லது.

தனியாக நிற்பது எப்படி இருக்கும்

ஹோம் கேரில் சாவிப்பெட்டியைத் திறந்து உள்ளே போன நொடி முதல் எல்லா முடிவும் உங்களுடையது. ஆபீஸ் போனில்தான் இருக்கிறது. இதில் எங்கே சிக்கல் வருகிறது என்பதற்கு ஒரு சாதாரண பாரசிட்டமாலே போதும்.

கிளையண்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை பாரசிட்டமால் எழுதியிருக்கிறது. ஒரு டோஸுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலை விசிட் 8 மணிக்கு, மதியம் 12.30க்கு. எல்லாம் நேரத்துக்கு நடந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் முந்தைய வீட்டில் ஒருவர் கீழே விழுந்து நீங்கள் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்து, இங்கே வந்து சேர 9.40 ஆகிவிட்டது. மதிய விசிட்டுக்கு வரும் இன்னொரு கேரர், மருந்து கொடுத்ததைப் பதியும் மார் சார்ட்டில் "காலை" என்ற கட்டத்தில் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு 12.30க்கு அடுத்த டோஸைக் கொடுத்துவிடுவார். இடைவெளி 2 மணி 50 நிமிடம். அதனால் மார் சார்ட்டில் கையெழுத்தோடு கொடுத்த நேரத்தையும் எழுதுங்கள்; ஆபீஸுக்கும் சொல்லுங்கள். கோ-கோடமோல் மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கிறது. மகள் கடையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போன சளிப் பொடியிலும் இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கிளையண்டின் மருந்துப் பையும் பழைய சார்ட்டும் பொருந்தாவிட்டால் ஊகித்துக் கொடுக்காதீர்கள். ஆபீஸிடமோ பார்மசியிடமோ கேளுங்கள், தேவைப்பட்டால் என்.எச்.எஸ். மருத்துவ ஆலோசனை எண் 111.

டபுள்-அப் விசிட்டில் தனிமை வேறு மாதிரி வரும். ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி) வைத்துத் தூக்க இரண்டு கேரர் என்று கேர் பிளானில் இருக்கும். நீங்கள் வந்துவிட்டீர்கள், இரண்டாமவர் 25 நிமிடம் தாமதம். "நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன், நீங்க தொடங்குங்க" என்று மகன் முன்வருவார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அவருக்குப் பயிற்சி இல்லை. தூக்கும்போது ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். படுக்கையிலேயே செய்யக்கூடியதை, முகம் கழுவுவது, துணி எடுத்து வைப்பது போன்றவற்றை முடியுங்கள். ஆபீஸுக்குப் போன் செய்து, சொன்ன நேரத்தை ஆப்பில் பதியுங்கள். ஆளைச் சுற்றி மாட்டும் ஸ்லிங்கை ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துப் பாருங்கள்: லேபிளில் அளவும் எடையும் படிக்க முடிகிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, மாட்டும் வளையம் நைந்திருக்கிறதா. ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்டையும் ஸ்லிங்கையும் தூக்கும் கருவிகளுக்கான லோலர் விதிப்படி 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அந்தத் தேதி ஸ்டிக்கரில் இருக்கும். வீடுகளில் தடித்த கார்ப்பெட் பெரிய எதிரி. சக்கரம் புதைந்து திரும்பாது, இடுப்பை முறுக்கித் தள்ளுவீர்கள், முதுகு போய்விடும். இழுக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்து, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்கு ஏற்ற கருவி, வசதி பார்த்துச் சொல்லும் நிபுணர்) வந்து பார்க்கும்படி கேளுங்கள்.

கதவைத் தட்டியும் பதில் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஜன்னல் வழியாகவும் கடிதத் துவாரம் வழியாகவும் பார்த்து, வீட்டு எண்ணுக்குப் போன் செய்து, ஆபீஸுக்குச் சொல்லி, அவர்கள் உறவினரிடம் கேட்டுத் தகவல் தரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே விழுந்து கிடப்பது தெரிந்தால் நேரே அவசர எண் 999. இதனால் அடுத்த மூன்று விசிட்டும் தாமதமாகும், ஆகட்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஹோம் கேரில் ஒரு நிறைவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 45 நிமிடம் ஒரே ஒருவருக்கு. அவருடைய டீ எந்தக் கப்பில், எத்தனை சர்க்கரை, எந்த நாற்காலியில் என்று எல்லாம் தெரிந்துவிடும். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்ப்ளி, டூட்டிங் பக்கம் தமிழ் பேசும் முதியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். மறதிநோய் வந்தவர்களிடம் பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர்ந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சுவது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட ஒரு அம்மம்மாவுக்குத் தமிழ் பேசும் கேரர் வருவது பெரிய விஷயம். மொழி பார்த்து ஆள் அனுப்புகிறீர்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

தமிழ் வீட்டில் எல்லை கரைவதும் சீக்கிரம் நடக்கும். "நீயும் எங்கட பிள்ளை மாதிரித்தானே" என்று தொடங்கி, முழுக் குடும்பத்துக்கும் சோறு வடிப்பதில் போய் நிற்கும். கேர் பிளானில் அம்மம்மாவுக்கு மதிய உணவு என்று இருந்தால் அது அவருக்கு மட்டும். பேங்க் கார்டு, பின் நம்பர் எதையும் வாங்காதீர்கள். கடைக்குப் போகச் சொன்னால் ரசீது, மீதிக் காசு இரண்டையும் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள்.

கேர் ஹோமின் பாரம் எங்கே இருக்கிறது

கேர் ஹோமில் ஆள் துணை உண்டு, நேரம்தான் இருக்காது. ஒரு தளத்தில் 24 ரெசிடென்ட், காலையில் 4 கேரர். தலைக்கு 6 பேர் என்று மேனேஜர் சொல்வார், சுலபமாகத் தெரியும். ஆனால் அந்த 24 பேரில் 8 பேருக்கு இரண்டு கேரர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போதும் என்கிற 16 பேருக்குத் தலா 25 நிமிடம், 400 நிமிடம். இரண்டு பேர் வேண்டிய 8 பேருக்குத் தலா 30 நிமிடம், இரண்டு கேரருக்குமாக 480. மொத்தம் 880 நிமிடத்தை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3 மணி 40 நிமிடம். 8 மணிக்குத் தொடங்கினால் கடைசி ஆளை எழுப்பிக் கழுவி உடுத்த 11.40 ஆகும். காலை உணவு ஊட்டுவதோ பெல் அடித்தால் ஓடுவதோ இதில் சேரவில்லை. ஒரு கேரர் உடம்பு சரியில்லை என்று வராவிட்டால் 12.53.

இங்கிலாந்தில் இத்தனை ரெசிடென்டுக்கு இத்தனை கேரர் என்று சட்டத்தில் எண் கிடையாது. "போதுமான" ஆட்கள் வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அதனால் நேர்முகத் தேர்வில் நீங்களே கேட்க வேண்டும்: தளத்தில் எத்தனை பேர், காலையில் எத்தனை கேரர், இரண்டு கேரர் தேவைப்படுகிறவர்கள் எத்தனை, ஆள் வராவிட்டால் ஏஜென்சியிலிருந்து எடுப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கே பெரும்பாலும் குறைந்த ஆளோடுதான் ஓட்டுகிறார்கள்.

கேர் ஹோமிலும் இரண்டு வகை உண்டு. ரெசிடென்ஷியல் ஹோமில் 24 மணி நேர நர்ஸ் இருப்பதில்லை. சீனியர் கேரர் மருந்து கொடுப்பார், டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வெளியிலிருந்து வந்து போவார். நர்சிங் ஹோமில் பதிவு பெற்ற நர்ஸ் எப்போதும் பணியில் இருப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டாவது கற்றுக்கொள்ள நல்ல இடம், உடம்புக்கு மட்டும் கூடுதல் கடினம்.

ஹேண்ட்ஓவரை, அதாவது முந்தைய ஷிப்டுக்காரர் தகவல் ஒப்படைப்பதை, கவனியுங்கள். 8 மணி ஷிப்டுக்கு 7.45க்கு வந்து ஹேண்ட்ஓவர் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, 8 மணியிலிருந்து சம்பளம் போடுகிற இடங்கள் உண்டு. கட்டாயம் வரச் சொன்னால் அது வேலை நேரம். குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கூலி இருக்கும்போது அந்த 15 நிமிடமே கணக்கைச் சட்டத்துக்குக் கீழே தள்ளிவிடும். சீருடைக்குப் பிடிக்கும் காசுக்கும் இதே விதிதான்.

இரவு ஷிப்ட் அமைதியாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கோ நான்கு மணி நேரத்துக்கோ ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர் உறிஞ்சும் பேட் மாற்றுவது, மறதிநோய் உள்ளவர்கள் எழுந்து நடப்பது என்று விடியும்வரை வேலை இருக்கும். விழித்திருந்து பார்க்கும் இரவுக்கு முழுச் சம்பளம். தூங்கிக்கொள்ளலாம், கூப்பிட்டால் எழுந்தால் போதும் என்கிற ஸ்லீப்-இன் வேறு. 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபடி அதில் விழித்து வேலை செய்த நேரத்துக்குத்தான் குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தும். விளம்பரத்தில் "நைட்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள்.

யாருக்கு எது

முன் அனுபவமே இல்லாதவர்கள் முதலில் கேர் ஹோமில் ஆறு மாதமாவது வேலை செய்துவிட்டு ஹோம் கேருக்குப் போவது நல்லது. ஹாய்ஸ்ட், எளிதில் கிழியும் தோல், விழுங்கச் சிரமம், கோபத்தில் கை ஓங்குகிறவர் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது பழகலாம். ஹோம் கேரில் அனுபவமுள்ளவரோடு கூடப் போய்ப் பழகும் ஷேடோயிங் சில நாளில் முடிந்ததும் தனியாக அனுப்பிவிடுவார்கள். அப்போது தெரியாததைக் கேட்க அருகில் யாரும் இல்லை.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் 12 மணி நேர ஷிப்ட் கடினம். ஹோம் கேரிலும் காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 9 என்று பிள்ளைகளுக்கு நீங்கள் தேவைப்படும் அதே நேரத்தில்தான் வேலை குவிந்திருக்கும். 9.30 முதல் 2.30 வரை மட்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நிறுவனம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால், துணைவர் இரவில் வீட்டில் இருப்பார் என்றால், கேர் ஹோமில் வாரம் இரண்டு இரவு நன்றாகப் பொருந்தும்.

கார் இல்லாதவர்கள் லண்டனில் நடந்து போகும் ரோட்டா கேட்கலாம், சில நிறுவனங்கள் தரும். பஸ்ஸில் போகும் ரோட்டா என்றால் இரண்டு விசிட்டுக்கு நடுவில் எத்தனை நிமிடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கிராமப்புறத்தில் கார் இல்லாமல் ஹோம் கேர் நடக்காது.

முதுகுவலி உள்ளவர்கள் இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும். கேர் ஹோமில் தூக்கும் எண்ணிக்கை அதிகம், கருவியும் ஆளும் உண்டு, கட்டிலை உயர்த்தலாம். வீடுகளில் எண்ணிக்கை குறைவு, ஆனால் தாழ்ந்த டபுள் பெட்டில் குனிந்தே செய்ய வேண்டி வரும்.

ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்களில் டிகிரி படிக்கிற பெரும்பாலோருக்கு டேர்ம் காலத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை 20 மணி நேரம் உச்சம். 11 மணி நேரச் சம்பளமுள்ள ஷிப்ட் இரண்டு செய்தால் 22, விதி மீறல். கேர் ஹோமில் ஒரு நீண்ட ஷிப்டும் ஒரு குறுகியதும் கேளுங்கள். ஹோம் கேரில் கடைசி நேரத்தில் "இன்னொரு விசிட் மட்டும்" என்று போன் வரும். பயண நேரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ நர்சிங் படித்துவிட்டு, பிரிட்டனில் நர்ஸாகப் பணியாற்றத் தேவையான என்.எம்.சி. பதிவுக்கு முயல்கிறவர்களுக்கு நர்சிங் ஹோம்தான் சரி. ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றவர்களும், ஆங்கிலத் தேர்வில் மயிரிழையில் தவறியவர்களும், பிரிட்டனில் 12 மாதம் கேர் வேலை செய்திருந்தால் மேலாளரிடமிருந்து மொழித்திறனுக்குச் சான்று வாங்கிக் கொடுக்கலாம். அந்த மேலாளர் என்.எம்.சி.யில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஹோம் கேர் ஆபீஸ்களில் அப்படி ஒருவர் இல்லாமல் போகலாம்.

நிறுவனத்தைத் தோண்டிப் பாருங்கள்

சி.க்யூ.சி. இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் அறிக்கை கிடைக்கும். "குட்" என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல் அறிக்கையின் தேதியைப் பாருங்கள். நான்கு ஐந்து வருடம் பழையதாக இருக்கலாம். கேர் ஹோம் என்றால் ஆள்பலம் பற்றிய பத்தியைப் படியுங்கள். ஹோம் கேர் என்றால் தாமதமான விசிட், தவறிய விசிட், அவசரமாகச் செய்துவிட்டு ஓடுகிறார்கள் என்ற புகார் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஹோம் கேர் நேர்முகத் தேர்வில் மிகப் பயனுள்ள கேள்வி இதுதான்: "போன வாரத்து உண்மையான ரோட்டா ஒன்றைப் பெயர்களை மறைத்துவிட்டுக் காட்ட முடியுமா?" ஒரு விசிட் 9.00க்கு முடிகிறது, அடுத்தது 9.00க்கே தொடங்குகிறது என்று இருந்தால் பயண நேரமே போடவில்லை என்று பொருள். பத்து மைல் தூரத்துக்கு 5 நிமிடம் போட்டிருந்தாலும் அதே கதைதான். பிறகு தாமதத்துக்கு உங்களைத் திட்டுவார்கள், அல்லது 30 நிமிட விசிட்டை 20இல் முடித்து ஓட வேண்டி வரும். விசிட் அரை மணிக்குக் குறையக் கூடாது, மிகக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் குறைக்கலாம் என்பது சுகாதார வழிகாட்டு அமைப்பான நைஸ் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ரோட்டாவில் 15 நிமிட விசிட் வரிசையாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

நிமிடக் கணக்கில் சம்பளமா என்றும் கேளுங்கள். ஆப்பில் கோட் ஸ்கேன் செய்து உள்ளே வெளியே பதிவாகும் இடங்களில், 30 நிமிட விசிட்டை 26இல் முடித்தால் 4 நிமிடம் வெட்டுவார்கள். 38 நிமிடம் நின்றால் கூடுதலாக 8 தருவதில்லை. ஒருபக்கமாக மட்டும் வெட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு இடத்துக்கும் பொதுவானவை: பயிற்சிக்கும் ஷேடோயிங்குக்கும் சம்பளம் உண்டா, கேர் சர்ட்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சியை அங்கேயே முடிக்கலாமா, ஆறு மாதத்துக்குள் விலகினால் பயிற்சிக் காசைத் திரும்பப் பிடிப்பார்களா. கேர் சர்ட்டிபிகேட் 2015இல் 15 பகுதிகளோடு தொடங்கியது, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய பகுதி சேர்ந்து இப்போது 16. முடித்ததற்கான தாளை வாங்கி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள்.

விசா விற்கிறவர்கள்

வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கரை எடுக்கும் விசா வழி 2025 ஜூலை 22 அன்று மூடப்பட்டுவிட்டது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்துகொண்டு "கேரர் விசா எடுத்துத் தருகிறேன், இத்தனை லட்சம்" என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஏற்கனவே பிரிட்டனில் இருந்து, விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் தேடுகிறவர்களுக்கு வழி குறுகலாகத் திறந்திருக்கிறது. அந்த நிறுவனத்தில் சட்டப்படி குறைந்தது மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும், நிறுவனம் சி.க்யூ.சி.யில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஸ்பான்சர்ஷிப் சர்ட்டிபிகேட்டுக்கான கட்டணத்தை ஊழியரிடம் வசூலிக்க நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. ஸ்பான்சர் வேலைக்குப் போகிறவர்கள் ஹோம் கேரைவிடக் கேர் ஹோமை விரும்புவதில் நியாயம் இருக்கிறது: மணிநேரம் நிலையாக இருக்கும், விசாவுக்குக் காட்ட வேண்டிய சம்பளம் மாதத்துக்கு மாதம் ஆடாது.

சேர்ந்த பிறகு

முதல் நாளிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஹோம் கேர் என்றால் ஒவ்வொரு விசிட்டுக்கும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஓடிய மைல். கேர் ஹோம் என்றால் வந்த நேரம், கிளம்பிய நேரம், இடைவேளை உண்மையில் கிடைத்ததா. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை உங்கள் உரிமை. இரண்டு வேலை நாளுக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வும் உண்டு. இரவு 10 மணிக்குக் கடைசி விசிட்டும் மறுநாள் காலை 7க்கு முதல் விசிட்டும் போட்டால் அது 9 மணி நேரம்தான். சுட்டிக்காட்டி மாற்றச் சொல்லுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் கடைசி அறிகுறி நின்று 48 மணி நேரம் வரை வேலைக்குப் போகக் கூடாது. ஆள் இல்லை என்று ரோட்டா பார்க்கிறவர் கெஞ்சினாலும் போகாதீர்கள். கேர் ஹோமில் ஒருவரிடமிருந்து ஒரு தளமே படுத்துவிடும்.

பே ஸ்லிப் வந்ததும் நோட்டோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் போனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், வேலை உரிமை பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண் 0300 123 1100. இலவச ஆலோசனை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும் கேட்கலாம். குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே கொடுத்தது நிரூபணமானால் ஆறு வருடம் வரை பின்னோக்கிப் பாக்கி வாங்க முடியும். அந்த நோட்டுதான் அப்போது சாட்சி.

டி.பி.எஸ். சர்ட்டிபிகேட் கையில் வந்ததும் அப்டேட் சர்வீஸில் பதியுங்கள், வருடத்துக்கு 16 பவுண்ட். சர்ட்டிபிகேட் கொடுத்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் அடுத்த சர்ட்டிபிகேட் எடுக்கும்வரை முடியாது. ஹோம் கேரும் கேர் ஹோமும் முதியவர்களைப் பார்க்கும் ஒரே வகை வேலை என்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது பெரும்பாலும் அதே சர்ட்டிபிகேட்டைக் காட்டலாம். புதிதாக எடுத்து வாரக்கணக்கில் சும்மா காத்திருக்க வேண்டியிராது.